கண்ணாடி எத்தனை நிமிடம் நிற்கும்?

மாலை வேளையில் வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்து செல்வோரின் கண்களை முதலிற் கவர்வது கண்ணாடியே. புடவைக் கடை, நகைக் கடை, வங்கி, உணவகம், மருந்தகம் ஆகிய எல்லாம் கண்ணாடி முகத்துடன் ஒளிவீசி நிற்கின்றன. பலகைகளுக்கு இலக்கமிட்டு, காலையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடை திறந்த காலம் எம் பெற்றோரின் நினைவில் மட்டுமே இருக்கின்றது. அந்தக் கடைகளில் இருள் இருந்தது. இன்றைய கடைகளில் ஒளி இருக்கின்றது. ஒளியை யாரே வெறுப்பர்?

ஆயினும் அழகிய பொருள் ஒன்றைக் கட்டடத்திற் பொருத்தும்போது, அது நல்ல நாளில் எப்படித் தோன்றும் என்று எண்ணுகின்ற நாம், தீய நாளில் எப்படி நடந்துகொள்ளும் என்று எண்ணுவதில்லை. கொழும்பு மக்களுக்குக் கண்ணாடியின் கொடுமை புதியதன்று. 1996 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கியின் முன் குண்டு வெடித்தபோது, சுற்றியிருந்த கட்டடங்களின் கண்ணாடிகள் சில்லுகளாய்ப் பறந்து பலருடைய கண்ணொளியைப் பறித்தன. அதனை அறிந்த நகரமாதலால், "உடையாத கண்ணாடி" என்ற சொல்லுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பே எம்மை ஒருநாள் ஏமாற்றப் பார்த்தது. அந்தக் கதையோடு இக்கட்டுரையைத் தொடங்குவோம்.

வாசிகசாலைக்கு ஒரு சுவர்

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், அன்பர்கள் சிலர் கூடி மாணவர்க்கென ஒரு வாசிகசாலை எழுப்ப முனைந்தனர். கீழ்த்தளத்திற் கூட்டம் நடத்த ஒரு மண்டபமும் சமையலறையும். முதலாம் மாடியில் நூல்கள். இரண்டாம் மாடியில் மாலையிற் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நீண்ட மேசைகள். நடுவிலே அகன்ற மாடிப்படி. பின்புறத்தில் ஒடுங்கிய படி ஒன்று. விஞ்ஞானம் கற்பிப்பவர் என்ற காரணத்தால் எம்மையும் கட்டடக் குழுவிற் சேர்த்துக்கொண்டனர்.

நடுப்படியைச் சுற்றிச் செங்கற் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடிச் சுவர் வைத்தால் வெளிச்சம் பெருகும். பொறுப்பாளர் இருந்த இடத்திலிருந்தே பிள்ளைகளைக் கவனிக்கலாம். கட்டடமும் கண்ணுக்கு இனிதாகும். இவ்வாறு யாவரும் விரும்பினோம். கண்ணாடி விற்பவர் ஒருவர் மாதிரித் துண்டு ஒன்றைக் கொணர்ந்து மேசைமேல் வைத்து, மரச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். கண்ணாடி அசையவில்லை. "மாஸ்டர், இது ரெம்பர் கண்ணாடி. பிள்ளைகள் ஓடிவந்து மோதினாலும் ஒன்றும் ஆகாது" என்றார். குழுவினர் மகிழ்ந்தனர். விலையும் பேசி முடிந்தது.

அப்போது மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், மெல்லக் கேட்டார்: "தம்பி, கீழே சமையலறையிலே தீப்பிடித்தால் இது எத்தனை நிமிடம் நிற்கும்?"

விற்பவர் எம்மைப் பார்த்தார். நாம் முதியவரைப் பார்த்தோம். வெப்பத்தால் திண்மங்கள் விரிவதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கும் நாம், அந்தக் கேள்விக்கு விடையறியாது தலைகுனிந்தோம். கையொப்பம் இடப்படவில்லை. வீடு திரும்பியபின் பல வாரங்கள் இந்தப் பொருள் பற்றித் தேடிக் கற்றோம். கற்றதை எம் நேயர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகின்றோம்.

கண்ணாடி ஏன் வெடிக்கிறது?

மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒரு மீற்றர் நீளமுள்ள சாதாரணக் கண்ணாடி 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் நீளும். இது அற்பம் என்று தோன்றும். ஆனால் யன்னலிற் பொருத்திய கண்ணாடியின் விளிம்பு சட்டகத்துக்குள் மறைந்து குளிர்ந்திருக்கின்றது. நடுப்பகுதியோ தீயின் முன் நிற்கின்றது. நடுப்பகுதி விரிய முயல்கின்றது. விளிம்பு விரிய மறுக்கின்றது. ஆகவே விளிம்பு இழுபடுகின்றது. கண்ணாடி அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. விளிம்பிற் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்றிலிருந்து வெடிப்புத் தொடங்கி, சில பத்துப் பாகை வேறுபாட்டிலேயே பலகை பிளந்து விழுகின்றது. அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரைத் தடித்த கண்ணாடிக் குவளையில் ஊற்றிய இல்லத்தரசியர் இந்த விதியை நூலின்றியே அறிவர்.

வெடித்தால் என்ன, பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று எண்ணுதல் கூடாது. கண்ணாடி விழுந்த இடம் தீக்கு வாயிலாகின்றது. அதன் வழியே புகையும் சுவாலையும் மாடிப்படிக்குள் புகுந்தால், மேலே இருப்பவர் இறங்கும் வழி அடைபட்டுவிடும். மாடிப்படி புகைபோக்கி போன்றது. சூடான புகை அதனுள் அகப்பட்டால் மேல்நோக்கி விரைந்தேறும். தீவிபத்துகளில் உயிரிழப்போரிற் பெரும்பாலோரைக் கொல்வது சுவாலை அன்று, புகையே என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வகைகளும் குணங்களும்

கடைகளிற் பல பெயர்களில் வரும் கண்ணாடிகளை அவற்றின் குணத்தால் வேறு பிரித்தறிவது நலம்.

முதலாவது, எமக்குக் காட்டப்பட்ட ரெம்பர் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 பாகைக்கு மேல் சூடாக்கிக் காற்றை வீசி விரைந்து குளிர்விப்பதனால் அதன் மேற்பரப்பு இறுகுகின்றது. வலிமை நான்கைந்து மடங்கு கூடுகின்றது. உடைந்தாலும் சிறு மணிகளாய் உதிர்வதால் உடலைக் கிழிக்காது. மோதலுக்கு எதிரான பாதுகாப்பு அது. வெப்ப வேறுபாட்டையும் ஏறத்தாழ 200 பாகை வரை தாங்கும். ஆனால் வளர்ந்த தீயின் முன் அந்த எல்லை விரைவிற் கடக்கப்படும். கடந்ததும் ஒரு பகுதியன்று, முழுப் பலகையும் ஒரே நொடியில் உதிர்ந்துவிடும். சுத்தியலை வென்ற கண்ணாடி தீயை வெல்லும் என்று எண்ணியதே எம் பிழை.

இரண்டாவது, இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டியது. மோட்டார் வண்டியின் முன்கண்ணாடி இத்தகையது. உடைந்த சில்லுகளைப் படலம் பிடித்துக்கொள்ளும். குண்டதிர்ச்சிக்கும் திருடருக்கும் எதிராக இது நல்லது. ஆனால் அந்தப் படலம் வெப்பத்தில் இளகும்; எரியவும் செய்யும். தீக்கெனத் தனியே செய்யப்பட்டுச் சோதிக்கப்பட்டாலன்றி இதனைத் தீத்தடுப்பென நம்பலாகாது.

மூன்றாவது, கம்பிவலைக் கண்ணாடி. அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பிராங் சூமன் என்பவர் 1892 ஆம் ஆண்டு இதற்கு உரிமம் பெற்றார். இவரே பின்னர் எகிப்தில் சூரிய வெப்பத்தால் நீரிறைக்கும் நிலையத்தையும் அமைத்தவர். தீயிற் கண்ணாடி வெடித்தாலும் உள்ளிருக்கும் கம்பிவலை துண்டுகளை விழவிடாது பிடித்து நிற்கும். சுவாலையும் புகையும் கடவா. ஆனால் வெப்பக் கதிர் தாராளமாகக் கடந்து வரும். மேலும், கம்பியிருப்பதால் இது வலிமை மிக்கது என்று பலர் நினைப்பது தவறு. மோதலுக்கு இது சாதாரணக் கண்ணாடியிலும் மெலிந்தது. ஓடும் சிறுவன் கையை ஊன்றினால் உடைந்து, கம்பியும் கண்ணாடியும் சேர்ந்து கையைக் கிழிக்கும்.

நான்காவது, போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி. ஆய்வுகூடத்தில் மாணவர் கையாளும் முகவை இந்த இனமே. வெப்பத்தால் இது விரிவது சாதாரணக் கண்ணாடியின் மூன்றிலொரு பங்களவே. ஆதலால் எளிதில் வெடிக்காது. எனினும் இதுவும் வெப்பக் கதிரை மறிப்பதில்லை.

ஐந்தாவதே வியப்புக்குரியது. பல கண்ணாடித் தகடுகளுக்கு இடையிடையே நீர் கலந்த சோடியம் சிலிக்கேற்றுப் படைகள் வைக்கப்பட்டிருக்கும். பார்வைக்குத் தெளிந்த கண்ணாடியே. தீயின் வெப்பம் ஏறத்தாழ 120 பாகையை அடைந்ததும் அந்தப் படைகள் பொங்கி நுரைத்து வெண்மையாய் இறுகிவிடும். கண்ணாடி சுவராக மாறுகின்றது. சுவாலையும் புகையும் மட்டுமன்றி வெப்பமும் மறிக்கப்படுகின்றது. இதன் விலை பெரிது, எடையும் பெரிது.

இவையன்றிக் கண்ணாடி போல் வேடமிடும் பொருள்களும் உண்டு. 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் திகதி, மான் தீவின் டக்ளஸ் நகரில் சமர்லாண்ட் என்னும் கேளிக்கைக் கூடம் எரிந்து 50 பேர் மாண்டனர். அதன் பெருஞ் சுவரிலும் கூரையிலும் ஒளி புகுவதற்காக வைக்கப்பட்டிருந்தது கண்ணாடியன்று, அக்கிரிலிக் என்னும் பிளாஸ்ரிக் தகடு. தீ அதனைப் பற்றிப் பரவியது. ஒளி புகும் பொருளெல்லாம் கண்ணாடி ஆகாது. கண்ணாடியெல்லாம் தீக்கு மதிலும் ஆகாது.

சிக்காகோவிற் கிடைத்த பாடம்

கதவின் மேலுள்ள ஒரு சிறு கண்ணாடி என்ன செய்யும் என்பதற்குச் சிக்காகோ நகரம் தந்த சான்று எம் நெஞ்சை உருக்கியது. 1958 ஆம் ஆண்டு டிசம்பர் 1 ஆம் திகதி, பாடசாலை விடுவதற்குச் சற்று முன், தேவதைகளின் அன்னை என்னும் பெயர்கொண்ட கத்தோலிக்கப் பாடசாலையில், நிலவறைப் படியின் அடியில் இருந்த குப்பைத் தொட்டியில் தீ மூண்டது. வெளிச்சுவர் செங்கல், உள்ளே படியும் தளமும் மரம். படி வழியே தீ ஏறியது. கீழ்த்தளத்துக்கும் படிக்கும் இடையே கனத்த கதவு ஒன்று மூடியிருந்தது. ஆதலால் தீ அத்தளத்துள் நுழையவில்லை. மேல்தளத்துக்கோ கதவே இல்லை. புகையும் வெப்பமும் அங்கிருந்த நடைகூடத்தை நிறைத்தன.

வகுப்பறைக் கதவுகளை ஆசிரியைகள் மூடிவைத்தனர். ஆனால் ஒவ்வொரு கதவின் மேலும் காற்றோட்டத்துக்கென ஒரு கண்ணாடிச் சாளரம் இருந்தது. வெப்பத்தால் அக்கண்ணாடிகள் வெடித்தன. புகையும் தீயும் வகுப்புகளுள் இறங்கின. 92 பிள்ளைகளும் 3 கன்னியாசிரியைகளும் உயிர் துறந்தனர்.

ஒரே கட்டடம், ஒரே தீ, ஒரே படி. மூடிய கதவிருந்த தளத்திற்கும் கதவில்லாத தளத்திற்கும் இருந்த வேறுபாட்டை நோக்குங்கள். மேலே மூடிய கதவுகளும் தம் தலைமீதிருந்த கண்ணாடியளவுக்கே காத்தன. அப்பாடசாலை பழைய கட்டடம் என்பதனால் புதிய விதிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது என்பதையும் அறிதல் வேண்டும். தீ விதிவிலக்கு எதனையும் மதிப்பதில்லை.

உடையாத கண்ணாடியும் உயிர் கொல்லும்

கண்ணாடி உடைந்ததால் வந்த கேடு அது. உடையாததால் வந்த கேடு எமக்கு அண்மையிலே கொல்கத்தாவில் நிகழ்ந்தது. 2011 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் திகதி விடியற்காலையில், டாகுரியாவிலுள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் நிலவறையில் தீப்பற்றியது. வாகனத் தரிப்பிடமாக இருக்கவேண்டிய நிலவறையில் எரியும் பொருள்கள் குவிக்கப்பட்டிருந்தன. தீ மேல்மாடிகளுக்கு ஏறவில்லை, புகை ஏறியது. கட்டடத்தின் புறத்தைக் கண்ணாடி போர்த்தியிருந்தது. புகை வெளியேற வழியில்லை. அயற்குடிசைகளில் வாழ்ந்த எளிய மக்களும் தீயணைப்பு வீரரும் கண்ணாடிகளை உடைத்து நோயாளரை மீட்க முயன்றனர். ஏறத்தாழ 90 பேர், பெரும்பாலும் படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளர், மூச்சுத் திணறி மாண்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தப்பும் வழியைச் சூழ்ந்த கண்ணாடி தீயில் நிற்க வேண்டும். புகை வெளியேறவும் மீட்போர் நுழையவும் வேண்டிய இடத்துக் கண்ணாடி திறக்க வேண்டும். எந்தக் கண்ணாடி சிறந்தது என்று கேட்பது பயனற்ற கேள்வி. எந்த இடத்துக்கு எந்தக் கண்ணாடி என்பதே கேட்கத்தக்கது.

எழுத்துகளும் எண்களும்

இனி அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். எத்தனை நிமிடம்? இதற்கு விடை கூறுவதே சான்றிதழ். கண்ணாடியைச் சட்டகத்தோடு பொருத்தி, உலையின் வாயிற் சுவர்போல நிறுத்தி எரிப்பர். உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோலின்படி உலையின் வெப்பம் 5 ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 576 பாகையையும், 30 ஆவது நிமிடத்தில் 842 பாகையையும், 60 ஆவது நிமிடத்தில் 945 பாகையையும் அடையும். மறுபுறத்தில் ஆய்வாளர் கடிகாரத்தோடு காத்திருப்பர்.

ஐரோப்பிய முறையில் முடிவை எழுத்தாலும் எண்ணாலும் குறிப்பர். ஈ என்ற ஆங்கில எழுத்து, சுவாலையும் சூடான வாயுவும் கடக்கவில்லை என்பதைக் குறிக்கும். அதனோடு டபிள்யூ சேர்ந்தால், ஒரு மீற்றர் தூரத்தில் வெப்பக் கதிர் சதுர மீற்றருக்கு 15 கிலோவாற்றை மீறவில்லை என்பது பொருள். ஈயோடு ஐ சேர்ந்தால், மறுபுறத்தின் வெப்பம் சராசரியாக 140 பாகைக்கு மேலும், எந்த ஒரு புள்ளியிலும் 180 பாகைக்கு மேலும் உயரவில்லை என்பது பொருள். பக்கத்தில் வரும் 30, 60 என்னும் எண்களே நிமிடங்கள். இலங்கையிற் பிரித்தானிய முறைப்படி சோதித்த பொருள்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் அறிக்கையிலும் தடுக்கும் ஆற்றல், வெப்பம் மறிக்கும் ஆற்றல் என இரு நேரங்கள் தனித்தனியே இருக்கும். இரண்டையும் பார்த்தல் வேண்டும்.

15 கிலோவாற்று என்பதைச் சிறிதென எண்ணற்க. சதுர மீற்றருக்கு இரண்டரைக் கிலோவாற்று வெப்பக் கதிரையே மனிதத் தோல் நெடுநேரம் பொறுக்காது. பன்னிரண்டரைக் கிலோவாற்றில், பொறி ஒன்று பட்டால் மரம் தீப்பற்றும். ஆகவே பிள்ளைகள் உடல் உரச இறங்கிச் செல்லும் ஒடுங்கிய படியருகே சுவாலையை மட்டும் மறிக்கும் கண்ணாடி போதாது. வெப்பத்தையும் மறிக்கும் கண்ணாடி வேண்டும். கதவிலுள்ள சிறு பார்வைத் துளைக்கு முன்னையது போதுமானதாய் இருக்கலாம். இதனைத் தீர்மானிக்க வேண்டியவர் விற்பவர் அல்லர். தகுதி பெற்ற பொறியியலாளரே.

சட்டகத்தை மறவாதீர்

கொழும்பிற் கண்ணாடி என்றால் கூடவே அலுமினியச் சட்டகமும் வரும். மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். அலுமினியம் உருகுவது ஏறத்தாழ 660 பாகையில். முன்சொன்ன உலையின் வெப்பம் 9 ஆவது நிமிடத்திலேயே அந்த எல்லையைத் தாண்டுகின்றது. உலோகம் உலையின் வெப்பத்தை அடையச் சிறிது நேரம் செல்லும். ஆனால் உருகுவதற்கு வெகு முன்னரே அது வலிமை இழந்து வளைந்துவிடும். ஒரு மணி நேரம் நிற்கும் கண்ணாடியைச் சாதாரண அலுமினியச் சட்டகத்தில் வைப்பது, இரும்புக் கதவை மெழுகுக் கீலில் மாட்டுவது போன்றதாகும்.

ஆதலாற் சான்றிதழ் கண்ணாடிக்கு மட்டும் உரியதன்று. கண்ணாடி, சட்டகம், விளிம்பு நாடா, பட்டி, திருகாணி, கதவாயிற் கீல், பூட்டு, தானே மூடும் கருவி ஆகிய அனைத்தும் எவ்வாறு சோதிக்கப்பட்டனவோ அவ்வாறே பொருத்தப்படல் வேண்டும். தச்சர் தம் வசதிக்காக ஒரு பட்டியை மாற்றினாலும் சான்றிதழ் வெறுங் காகிதமாகிவிடும்.

அதனை வாசிக்கும்போது கேட்கத்தக்க கேள்விகள் சிலவற்றை இங்கே தருகின்றோம். சோதித்த ஆய்வுகூடம் எது. அதற்கு அங்கீகாரம் உண்டா? அறிக்கையிற் கூறிய பெயரும் பருமனும் நாம் வாங்கும் கண்ணாடியின் பெயரும் பருமனும் ஒன்றா? நம் கண்ணாடியின் நீள அகலம், அறிக்கை அனுமதிக்கும் எல்லைக்குள் அடங்குகின்றதா? எந்தச் சட்டகத்திற் சோதித்தனர்? ஒரு புறத் தீக்கு மட்டுமா, இரு புறத் தீக்குமா? வெயில் நேரே படும் இடத்தில் வைக்கலாமா? மோதலுக்கும் பாதுகாப்பானதா? இறுதியாக, கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை உண்டா? கட்டடம் முடிந்து பத்தாண்டு கழிந்தபின் சாட்சி சொல்லப் போவது அந்த மூலை முத்திரை ஒன்றே. தீத்தடுப்புக் கண்ணாடியை, பொருத்தும் இடத்திற் பின்னர் வெட்டவோ துளைக்கவோ கூடாது என்பதையும் ஒப்பந்தகாரருக்கு முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும்.

எங்கே வேண்டும், எங்கே வேண்டா?

கட்டடத்திலுள்ள எல்லாக் கண்ணாடியும் இத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது வீண் செலவு. அகன்ற வீதியை நோக்கிய கடை முகப்புக்குப் பொதுவாக அது தேவைப்படாது. மாடிப்படியைச் சூழ்ந்த சுவர், வெளியேறும் நடைகூடம், சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு, வாகனத் தரிப்பிடத்திலிருந்து மேலேறும் வாயில், அயற்கட்டடத்துக்கு மிக நெருங்கிய யன்னல் ஆகியனவே கவனத்துக்குரியவை. வெள்ளவத்தையில் கீழே கடையும் மேலே குடும்பங்களும் வாழும் தொடர்மாடிகள் பல உள. அங்கே கடைக்கும் குடியிருப்போர் இறங்கும் படிக்கும் இடையே இருப்பது என்ன என்பதை ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஒருமுறை சென்று பார்த்தல் நன்று.

கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றமும், நகர அபிவிருத்தி அதிகார சபையும், தீயணைப்புச் சேவையும் இருக்கின்றன. வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே தீயணைப்புச் சேவையினரிடம் ஆலோசனை கேட்டால் அழிப்பானால் திருத்தலாம். கட்டிய பின் கேட்டால் உளியால் திருத்த வேண்டிவரும். அவசர வேளையில் அழைக்க வேண்டிய இலக்கம் 110 என்பதைப் பிள்ளைகளுக்கும் கற்பித்து வையுங்கள்.

செங்கல்லும் கதவும்

எம் வாசிகசாலை என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்பர். சான்றிதழ் பெற்ற, வெப்பத்தையும் மறிக்கும் கண்ணாடியால் முழுச் சுவரையும் அமைக்கக் கணக்கிட்டபோது, எம் கையிருப்பு அதற்குப் போதவில்லை. குழுவில் வாதம் எழுந்தது. "இத்தனை ஆண்டில் இந்தப் பக்கம் எங்கே தீப்பிடித்தது?" என்றனர் சிலர். "அழகிய கண்ணாடிச் சுவரென்று சொல்லியல்லவா நன்கொடை கேட்டோம்?" என்றனர் வேறு சிலர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இருந்தது.

முதியவர் மீண்டும் வாய் திறந்தார். "செங்கல் மலிவு. செங்கல்லுக்கு நான் சான்றிதழ் கேட்கமாட்டேன்" என்றார். யாவரும் நகைத்தோம்; வழியும் பிறந்தது. படியைச் சூழச் செங்கற் சுவர் எழுந்தது. ஒவ்வொரு தளத்திலும் சட்டகம், கீல், கண்ணாடி யாவும் ஒருசேரச் சோதிக்கப்பட்ட கதவு ஒன்று. அதன் நடுவிற் பொறுப்பாளர் பார்ப்பதற்கு ஒரு சிறு கண்ணாடி. வெளிச்சத்துக்கு வெளிச்சுவரில் திறக்கக்கூடிய பெரிய யன்னல்கள். கனவு கண்ட ஒளிமண்டபம் எமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் மாலை நேரத்தில் அந்த யன்னல்கள் வழியாக மேற்கு வெளிச்சம் மேசைகள்மேல் விழும்போது, குறைவாகவும் தோன்றவில்லை.

திறப்பு விழா முடிந்து ஒரு மாதம் சென்றது. ஒருநாள் இரண்டாம் மாடிக்கு ஏறினோம். பல வாரம் கற்று, பலரோடு வாதாடி, அரும்பாடுபட்டு வாங்கிய அந்தக் கதவு அகலத் திறந்து கிடந்தது. காற்று வேண்டும் என்று யாரோ ஒரு பிள்ளை அதன் அடியிலே செங்கல் ஒன்றை வைத்திருந்தது. கட்டட வேலையில் எஞ்சிய கல். 60 நிமிடம் நிற்கும் கதவு ஒரு நிமிடமும் நில்லாக் கதவாகியிருந்தது.

நாம் சினங்கொள்ளவில்லை. அந்தக் கல்லை எடுத்து மேசைமேல் வைத்து, சிக்காகோவின் இரு தளங்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். மூடிய கதவு காத்த தளத்தையும் கதவில்லாத தளத்தையும் பற்றிச் சொன்னபோது அறை அமைதியாயிற்று. அன்றே அவர்கள் தமக்குள் முறைவைத்து, நாள்தோறும் ஒருவர் கதவைக் கவனிப்பதென முடிவு செய்தனர். புகை உணர்த்தும் கருவி ஒலித்தால் தானே கதவை விடுவிக்கும் காந்தப் பிடியை, பொருள் சேர்ந்ததும் பொருத்த எண்ணியுள்ளோம். பிள்ளைகளுக்குக் காற்றும் வேண்டும் அல்லவா?

அன்பு நேயர்களே! அடுத்த முறை நீங்கள் ஒரு கடைக்கோ, மருத்துவமனைக்கோ, திருமண மண்டபத்துக்கோ, உங்கள் பிள்ளையின் வகுப்புக்கோ செல்லும்போது, மாடிப்படியருகே ஒரு கணம் நில்லுங்கள். கண்ணாடியின் மூலையில் முத்திரை உண்டா என்று பாருங்கள். கதவு தானே மூடுகின்றதா என்று பாருங்கள். அதன் அடியிற் கல் இருந்தால் எடுத்துவிடுங்கள். பொறுப்பாளரிடம் அந்த முதியவரின் கேள்வியைப் பணிவோடு கேளுங்கள்: "ஐயா, இந்தக் கண்ணாடி எத்தனை நிமிடம் நிற்கும்?"

அவருக்கு விடை தெரியாதிருக்கலாம். எமக்கும் அன்று தெரியாது. கேள்வி கேட்கப்பட்டதால் மட்டுமே நாம் அறிந்தோம்.